சுருதிக்குத் திரும்புதல்

'மரபுக்குத் திரும்புதல்', 'மண்ணுக்குத் திரும்புதல்' என்ற சொற்களை நம் விமர்சனத்தில் மிகத் தாராளமாகப் புழங்கிவிட்டோம். நானும் புழங்கியிருக்கிறேன். ஒரு கவிஞன் அந்நிய பாதிப்பில் எவ்வளவு தூரம் போனாலும் தன் மூல சுருதிக்குத் திரும்பிவிட வேண்டும், அதுவே அவனுடைய நேர்மை என்று இரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு கட்டுரையில் எழுதினேன். அந்த நிச்சயம் இப்போது என்னிடம் இல்லை. தேவாலாவில் ஒரு எலக்ட்ரிக் கிதாரின் பிரிட்ஜைக் கழற்றி வேறொன்றை மாட்டிய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அது போயிற்று.

வங்கி உத்தியோகம் என்னை இங்கே கொண்டுவந்து இது மூன்றாவது மழைக்காலம். நாடுகாணியைத் தாண்டி, பந்தலூருக்கு முன்னால் இருக்கிற ஊர். ஜூனில் பிடித்த மழை விடுவதில்லை. இரும்பு எதுவானாலும் துருப்பிடிக்கும். பக்கத்து லைனில் இருக்கும் பையன் சர்ச்சில் கிதார் வாசிப்பவன். கோயமுத்தூரில் பழையதாக வாங்கிய அவனுடைய கிதாரில் ஃப்ளாய்ட் ரோஸ் மாதிரியில் செய்த ஒரு மலிவான நகல் பிரிட்ஜ் இருந்தது. கைப்பிடியை அழுத்திவிட்டால் சுரம் இறங்குகிறது. விட்டால் பழைய இடத்துக்கு வருவதில்லை. "திரும்ப மாட்டேங்குது சார்" என்றான். எனக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. இயந்திரங்களின் காரியத்தைப் புரிந்துகொள்வதில் மட்டும் ஒரு பழைய ஆசை உண்டு.

இந்தச் சாதனத்தின் சரித்திரம் சிறியது. 1954இல் லியோ ஃபெண்டர் தன் ஸ்ட்ராடோகாஸ்டர் கிதாரில், கைப்பிடியால் அசைக்கக்கூடிய பிரிட்ஜ் ஒன்றை வைத்தார். அதற்கு 'ட்ரெமலோ' என்று பெயரிட்டார். ட்ரெமலோ என்பது ஒலியின் அளவு ஏறி இறங்குவது. சுரமே ஏறி இறங்குவதற்கு வைப்ராட்டோ என்று பெயர். பெயர் தப்பு. ஆனாலும் அதுவே நிலைத்துவிட்டது. கைப்பிடியை அழுத்தும்போது தந்தி தளர்ந்து, கழுத்தின் மேல்முனையிலுள்ள நட்டின் பள்ளத்தில் வழுக்கி, முறுக்காணியின் சுற்றுகளில் நெகிழ்கிறது. விடும்போது உராய்வு அதை முழுக்கத் திரும்ப விடுவதில்லை. நகை செய்யும் கைப்பழக்கம் உள்ள ஃப்ளாய்ட் ரோஸ் என்ற அமெரிக்கக் கிதார்காரர் இதற்கு ஒரு முடிவு கட்டினார். 1979இல் காப்புரிமை கிடைத்தது. தந்தியின் இரு முனைகளையும் பூட்டிவிட்டார். நட்டில் மூன்று திருகுகள், ஒவ்வொன்றின் கீழும் இரண்டு தந்திகள். பிரிட்ஜில் தந்தியின் குண்டுமுனையை நறுக்கிவிட்டு இடுக்கியில் கவ்வ வைக்க வேண்டும். நழுவ இடமில்லாததால் திரும்பாமல் இருக்கவும் வழியில்லை.

பையனுடைய கிதாரில் பூட்டுகள் சரியாகவே இருந்தன. பழுது வேறிடத்தில். இந்த பிரிட்ஜ், உடலில் பதித்த இரண்டு தூண்களின் மேல் கத்திமுனை போன்ற இரண்டு விளிம்புகளால் தொட்டு நிற்கிறது. முன்னாலிருந்து ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 40 கிலோ பாரத்துக்குச் சமமான விசையோடு இழுக்கின்றன. முதுகுப்புறக் குழியிலிருந்து ஸ்ப்ரிங்குகள் அதே விசையோடு எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. நல்லதில் விளிம்பு கடினமாக்கிய எஃகு. இவனுடையதில் மட்டமான வார்ப்பு உலோகம். விளிம்பு மழுங்கிவிட்டது. ஒவ்வொரு தடவையும் வேறொரு புள்ளியில் போய் உட்கார்ந்தது.

இரண்டு வழிகள் இருந்தன. குழிக்குள் ஒரு மரத்துண்டைச் செருகி பிரிட்ஜ் அசையாதபடி செய்துவிடலாம். செலவில்லை, சுருதியும் கலையாது; கைப்பிடி மட்டும் பிரயோஜனமற்றுப் போகும். அல்லது புதிய பிரிட்ஜ். பையன் இரண்டாவதைக் கேட்டான். முதலில் தபாலில் வந்தது பொருந்தவில்லை. அசல் ஃப்ளாய்ட் ரோஸில் தூண்களுக்கு இடையே 74 மில்லிமீட்டர். நகல்களில் இந்த அளவு மாறும். மரத்தில் புதுத் துளை போட மனம் வரவில்லை. திருப்பி அனுப்பி, அளவு குறித்து, வேறொன்று வரவழைத்தோம்.

பழையதைக் கழற்றியது பத்து நிமிஷம். புதியதைச் சுருதி சேர்ப்பதில் மாலை முழுக்கப் போயிற்று. ஆறாவது தந்தியைச் சரியாக வைத்தோம். ஐந்தாவதை முறுக்கினால் பிரிட்ஜ் இம்மியளவு முன்னால் சாய்ந்து ஆறாவது இறங்கிவிட்டது. நான்காவதைத் தொட்டால் முந்தைய இரண்டும் போயின. ஆறையும் முடித்து முதலுக்கு வந்தால் அது எங்கோ கிடந்தது. மறுபடி ஒரு சுற்று. முதுகுப்புறத் திருகுகளை அரைச்சுற்று இறுக்கி மறுபடி ஒரு சுற்று. ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு பிழை குறைந்து குறைந்து, தகடு உடலுக்கு இணையாக நின்றது. அப்புறம்தான் நட்டைப் பூட்டினோம்.

அந்த மாலையில் எனக்குப் பட்டது இது. கைப்பிடியை விட்டதும் தந்தி திரும்பி வருகிறதே, அந்த 'இடம்' தந்தியிடம் இல்லை. தூணிலும் இல்லை. ஆறு தந்திகளும் ஸ்ப்ரிங்குகளும் இந்தக் கணத்தில் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டிருப்பதற்குப் பெயர்தான் அந்த இடம். ஒரு தந்தி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி ஏறிவிடும். அவை ஒரு தப்பும் செய்யவில்லை. திரும்புவதற்கு இருந்த புள்ளி இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

இதைப் பையனின் பாட்டி பார்த்துக்கொண்டிருந்தாள். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், நாடற்றவர்கள் எனப்பட்ட 9,75,000 பேரை எண்ணால் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இவள் இந்தியாவின் பங்கில் வந்தாள். தலைமன்னார், கப்பல், மண்டபம் முகாம், பிறகு இந்த மலை. 1968இல் வனத்துறை இங்கே தொடங்கி 1976 முதல் டான்டீயாக நடக்கும் தேயிலைத் தோட்டங்கள் இவர்களைக் குடியமர்த்த ஏற்பட்டவை. சர்க்கார் இவர்களுக்கு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. ட்ரெமலோவைப் போலத்தான் இந்தப் பெயரும். பிறந்த ஊரிலிருந்து பார்த்திராத ஊருக்கு வந்தவளைத் திரும்பியவள் என்றது. அங்கே இந்தியாக்காரி, இங்கே சிலோன்காரி.

ஆறு மாதம் முன்பு கிளையில் அவளுடைய படிவத்தை நான்தான் பூர்த்தி செய்தேன். நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம். லைன் வீட்டை எழுதவா என்றேன். "அது கம்பெனி வீடுங்க சார், மகன் ரிட்டையர் ஆயிட்டான், எப்ப காலி பண்ணச் சொல்வாங்களோ" என்றாள். பழைய குடும்ப அட்டையில் புதுக்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்று இருந்தது. அவளுடைய தாத்தா புறப்பட்ட ஊர். வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அதை எழுதினேன். அவள் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை என்பது எனக்குத் தெரியும். கட்டம் நிரம்பியது. நான் செய்தது ஒரு பூட்டு. சுருதி சேர்க்காமலே பூட்டினேன். என் கட்டுரையிலும் அந்தக் கவிஞனுக்கு இதையேதான் செய்திருந்தேன்.

நண்பர்கள் ஆட்சேபிக்கலாம்: எல்லாம் பரஸ்பரம் என்றால் எந்தச் சுருதியும் சரிதானா? இல்லை. தப்பான சுருதியிலும் பிரிட்ஜ் சமநிலை கொள்ளும். பூட்டு அதையும் அதே விசுவாசத்தோடு காப்பாற்றும். சர்ச் கீபோர்டோடு சேர்த்துப் பார்க்கிற காது ஒன்று வெளியே வேண்டியிருக்கிறது. அந்தக் காதுக்கு உரியவன் சுற்றுச்சுற்றாக எல்லாத் தந்திகளையும் கேட்க வேண்டும். ஒன்றைத் திருத்தியதில் எது கெட்டது என்று திரும்பிப் பார்க்க வேண்டும். மரபு விஷயத்தில் நாம் இதைச் செய்வதில்லை. பூட்டிய பிறகு தலைமாட்டு முறுக்காணிகளைத் திருகிக்கொண்டிருக்கிறோம். பூட்டிய நட்டுக்கு அப்பால் அவை சுற்றும், சுரத்தில் ஒன்றும் நடக்காது. மரத்துண்டைச் செருகுபவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுடைய சுருதி ஒருநாளும் கலையாது.

2022இல் டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு உத்தரவிட்டது. நிலமும் திரும்புகிறது. அதில் வேலை செய்தவர்கள் எங்கே திரும்புவது என்ற கேள்வி இந்த லைன்களில் தினமும் பேசப்படுகிறது.

போன வாரம் பாட்டியிடம், முகவரியை மாற்றி எழுதித் தருகிறேன் என்றேன். "என்னான்னு எழுதுவீங்க?" என்று கேட்டாள். வேறொரு படிவத்தை எடுத்து அவள் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.