குத்திப் பார்க்காத மூட்டை



சென்ற ஜும்ஆவுக்குப் பின் புக்கிட் மெர்தாஜாம் கடைத்தெருவில் ஒரு சகோதரர் நம்மை நிறுத்தினார். "நானா, சாமான் ஏற்றி இறக்கும் ஒரு லாரிக் கம்பெனி நொடித்துப் பங்கு சில காசுக்கு வந்துவிட்டது. வாங்கிப் போட்டால் ஏறாதா? ஹலால் பட்டியலிலும் இருக்கிறதே!"

கூட்டு வியாபாரத்துக்கு மார்க்கத்தில் தடையில்லை, பங்கும் கூட்டுத்தான். ஆனால் பட்டியல் கம்பெனியின் தொழிலைப் பார்த்துப் போடுவது. நம் நிய்யத்தை அது பார்ப்பதில்லை. அரிசி மூட்டையைக் குத்தூசி போட்டுப் பாராமல் நாம் கிட்டங்கியில் இறக்குவோமா? தண்ணீரில் கிடக்கும் மீனை விலை பேசுவதை உலமாக்கள் 'கரர்' என்று தடுத்ததும் இதனால்தான்.

விமானத்தில் சரக்கு அனுப்பிய டிரான்ஸ்மைல் கம்பெனியை நினைத்துப் பாருங்கள். வராத வரவை வந்ததாக எழுதியது 2007இல் வெளிப்பட்டது. பங்கு சரிந்தது. சரியும்போது விற்றவர் உண்டென்றால் "மலிவு" என்று வாங்கியவரும் உண்டல்லவா? 2011இல் பங்குச் சந்தையிலிருந்தே அது நீக்கப்பட்டது.

"எந்தப் பணத்தில் வாங்கப் போகிறீர்?" என்று கேட்டோம்.

"சரக்குக்காரருக்குக் கொடுக்க வேண்டியது. மாதக் கடைசிக்குள் திரும்பிவிடும்" என்றார்.

அது பிறர் ஹக் அல்லவா! பங்குப் பேச்சை அதோடு விட்டோம். கடையடைக்கும் முன்னே அந்தக் கடனைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரச் சொன்னோம்.