அவ சுபாவமே அப்படித்தான்

போன மாதம் சொந்தக்காரர் வீட்டில் ஒரு வளைகாப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரிடமோ சித்தி என் அக்காவைக் காட்டிச் சொன்னார்: "இவ சின்ன வயசுலேர்ந்தே அமைதி. அவ சுபாவமே அப்படித்தான்." அக்கா லேசாகச் சிரித்தாள். நானும் தலையாட்டினேன்.

அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். பத்தாவது படிக்கும்போது அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் பேச ஆரம்பிப்பாள். பஸ்ஸில் நடந்த சண்டையைக் கண்டக்டர் குரலிலும் பாட்டி குரலிலும் மாற்றி மாற்றி நடித்துக் காட்டுவாள். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்பா டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவார். நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வேன். யாரும் அவளைத் திட்டவில்லை, பேசாதே என்று சொல்லவில்லை. எப்போது நிறுத்தினாள் என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் பதில் தெரியாது.

'சுபாவம்' என்ற சொல் இந்த மாதிரி இடங்களில் விசாரணையை முடித்துவைக்கிறது. இப்போது அதற்கு அறிவியல் சட்டை போட்டு 'எல்லாம் ஹார்மோன்' என்கிறோம். ஹார்மோன் உள்ளே இருப்பது. உள்ளே இருப்பதற்கு வெளியே இருப்பவர்கள் எப்படிப் பொறுப்பாவார்கள்?

இந்த வாதத்துக்கு நல்ல சாட்சி போலத் தெரிவது பாட்டுப்பறவைகளின் மூளை. 1976-ல் ஃபெர்னாண்டோ நாட்டபோமும் ஆர்தர் ஆர்னால்டும் கேனரி, ஜீப்ரா ஃபின்ச் பறவைகளை ஆராய்ந்தார்கள். பாட்டைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதிகள் ஆணுக்குப் பெண்ணைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தன. 1980-ல் நாட்டபோம் வளர்ந்த பெண் கேனரிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தார். அந்தப் பகுதிகள் பெரிதாயின. பெண் பறவைகள் ஆணைப்போலப் பாடத் தொடங்கின. மறுவருடம் இன்னொன்றும் தெரிந்தது: ஆண் கேனரியின் பாட்டு மூளையே வசந்தத்தில் பெருத்து, இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் சுருங்குகிறது.

"பாத்தியா, நான் சொல்லல?" என்று இங்கேயே எழுந்து போய்விடலாம். ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அந்த ஹார்மோன் எதனால் ஏறுகிறது?

பகல் நீள்வது ஒரு காரணம். அதோடு நிற்பதில்லை. சாங் ஸ்பேரோ என்னும் வட அமெரிக்கக் குருவியின் எல்லைக்குள் இன்னொரு ஆண் நுழைந்தால், அங்கே இருப்பவனின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் கூடுகிறது என்று ஜான் விங்ஃபீல்ட் காட்டினார். ஒயிட் கிரவுண்ட் ஸ்பேரோவை வைத்து 1999-ல் வந்த ஆய்வில், பெண் பறவைகளோடு வாழ்ந்த ஆண்களின் பாட்டு மூளை, அதே நீளப் பகலில் பெண்துணை இல்லாமல் இருந்த ஆண்களுடையதைவிடப் பெரிதாக வளர்ந்திருந்தது. யாரோடு வாழ்கிறது என்பதும் உடலுக்குள் போய்ச் சேருகிறது. உள்ளே, வெளியே என்று நாம் போட்ட கோட்டை ரத்தம் மதிப்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி கௌபேர்ட். வட அமெரிக்கப் பறவை. நம்மூர்க் குயில்போல அடுத்தவர் கூட்டில் முட்டையிடும், குஞ்சை வளர்ப்பது வேறு இனம். அப்படியானால் அதன் பாட்டு பிறவியிலேயே முழுசாக வந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். மெரிடித் வெஸ்ட், ஆண்ட்ரூ கிங் இருவரும் இளம் ஆண்களைப் பெண் பறவைகளோடு விட்டு வளர்த்தார்கள். கௌபேர்ட் பெண்கள் பாடாது. ஆனாலும் எந்த வட்டாரத்துப் பெண்ணோடு வளர்ந்ததோ, அந்த வட்டாரத்தின் ரசனைப் பக்கம் ஆணின் பாட்டு நகர்ந்தது. பாடாத ஒருத்தி எப்படிப் பாட்டுச் சொல்லித்தர முடியும்? வீடியோவில் பதிவுசெய்து பார்த்தபோது பிடிபட்டது. ஏதோ ஒரு பாட்டுக்கு அவள் இறக்கையைச் சட்டென்று ஒரு தட்டு தட்டுகிறாள். அவன் அந்தப் பாட்டை மறுபடி பாடுகிறான். அவ்வளவுதான் பாடம்.

இதற்காக, எல்லாமே சுற்றியிருப்பவர்கள் பிசையும் களிமண் என்று சொல்ல வரவில்லை. 2003-ல் ஒரு ஜீப்ரா ஃபின்ச் பற்றி எழுதினார்கள். வலப்பக்கம் ஆண், இடப்பக்கம் பெண். மூளையின் இரு பாதியிலும் ஓடியது ஒரே ரத்தம், அதே ஹார்மோன்கள். ஆனாலும் பாட்டுப் பகுதி வலப்பக்கம் பெரிதாக இருந்தது. செல்லுக்கென்றும் ஒரு பிடிவாதம் உண்டு. ஆக இயல்பு பொய்யில்லை. அது தனியாக இல்லை, அவ்வளவே.

இதையெல்லாம் நண்பனிடம் சொன்னபோது மடக்கினான்: "அப்போ என் கோபத்துக்குச் சுத்தி இருக்கறவங்கதான் காரணம்னு நானும் சொல்லிக்கலாமா?" நியாயமான கேள்வி. சொல்லிக்கொள்ளலாம், பாதி உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் அதைச் சொல்லும் அதே நேரத்தில் நீ வேறு யாருக்கோ 'சுத்தி இருக்கறவன்'. உனக்குச் சலுகை தரும் வாக்கியமே உன்மேல் கடனையும் ஏற்றுகிறது. முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போக முடியாது.

பறவைகளிடமிருந்து அறம் கற்க முடியும் என்று நான் நம்பவில்லை. அவை அப்படி வாழ்கின்றன, ஆகவே நாமும் என்பது மோசமான வாதம். அவை செய்வது வேறு, ஒரு சாக்கைப் பிடுங்கிக்கொள்கின்றன. 2014-ல் வந்த ஓர் ஆய்வில், பார்க்கப்பட்ட பாட்டுப்பறவை இனங்களில் 71 சதவீதத்தில் பெண்ணும் பாடுகிறது. ஆதிப் பாட்டுப்பறவைகளில் இரு பாலுமே பாடியிருக்க வேண்டும் என்கிறது அது. பெண் பாடாத இனங்களில் அந்த மௌனம் பிற்பாடு வந்தது. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

பாட்டி கதை சொல்லும்போது நாம் 'உம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் "தூங்கிட்டியா?" என்று கேட்டுவிட்டு நிறுத்திவிடுவார். கேட்பதும் ஒரு செயல் என்பது நமக்குத் தெரிந்துதான் இருந்தது. அந்த ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டதும் செயல்தான். எதுவுமே செய்யாத மாதிரி இருந்ததால் இத்தனை வருடம் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

போன ஞாயிறு அக்காவுக்கு போன் பண்ணினேன். தண்ணி லாரி வராததைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட்டு, "சரி, வைக்கட்டா?" என்றாள். "ம், அப்புறம்?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மாடிவீட்டு மாமி லாரிக்காரரிடம் சண்டை போட்டதைச் சொன்னாள். மாமியின் குரலில் இல்லை, தன் குரலில்தான். நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன்.