வாசியும் வாய்மையும்

மழை பொய்ப்பின் விளைவு குறையும். விளைவு குறையின் விலை ஏறும். இதனைக் குற்றமென்பார் யாருமிலர். விலை ஏறாததுபோலக் காட்டிப் பொருளைக் குறைத்து விற்றல் குற்றமாமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

எமதூராகிய சூலக்கரை விருதுநகரை அடுத்துள்ளது. பருப்பு, வற்றல், எண்ணெய் இவற்றின் விருதுநகர்ச் சந்தை விலை செய்தித்தாள்களில் வெளிவருதலைத் தமிழுலகம் அறியும். ஏற்றமாயினும் இறக்கமாயினும் அங்கு வெளிப்படை. அவ்வூர்ப் பக்கத்திலேயே, பட்டாசுத் தொழிற்சாலையினின்றும் மாலையில் மீளும் கூலிமகள் ஒருத்தி, தன் மக்கள் இருவர்க்கும் வாங்கிய பத்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தில் ஒன்று குறைகின்றதென்று கடைக்காரரோடு வழக்கிட்டதைக் கண்டேன். "நான் என்ன செய்ய, தாயி? பத்து ரூபாய்க்கு மேற்போனால் வாங்க ஆளில்லை. அதனால் உள்ளே குறைக்கிறார்கள். எடையை உறையிலேயே போட்டிருக்கிறார்கள்" என்றார் அவர். யான் மூக்குக்கண்ணாடியை அணிந்து நோக்கினேன், மெய்யே. அதே பொட்டலத்தைப் பல திங்களாக யானும் வாங்கியிருந்தேன், குறைவை அறிந்திலேன். ஓய்வூதியம் பெறுவோனுக்குப் புலனாகாத குறை அவளுக்குப் புலனாயிற்று.

'எடையை உள்ளவாறே அச்சிட்டனர், பொய் யாண்டுளது?' எனின், கூறுதும். வாங்குவோர் அவ்வெழுத்தைக் காணார் என்னும் துணிபன்றோ அவ்வாணிகத்திற்கு முதல்! சொல் மெய்யாயினும் கருத்து மறைப்பேயாம்.

திருவீழிமிழலையில் வற்கடம் நேர்ந்தஞான்று, இறைவன் அடியார்க்கு அமுதளிக்குமாறு நாவுக்கரசர்க்கும் ஞானசம்பந்தர்க்கும் நாடோறும் படிக்காசு அருளினான். பிள்ளையார் பெற்ற காசுக்கு மாத்திரம் வாசி இருந்தது. வாசியாவது காசை மாற்றுங்கால் கழிக்கும் வட்டம். அதனால் அவர் திருமடத்தில் அமுது காலந்தாழ்ந்தது. அவ்வூர் வணிகர் வாசியை வாய்திறந்து கூறினர். ஆதலின் பிள்ளையார் அதனை அறிந்தார், விண்ணப்பித்தார், வாசி தீர்ந்தது. சொல்லிய குறைக்குத் தீர்வுண்டு. மறைத்த குறைக்கு முறையிடுவார் யார்?

சிற்சில பொருள்களை இன்ன அளவிலேயே பொதிய வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் வகுத்திருந்தன. 2021இல் செய்த திருத்தம் அதனை நீக்கி, ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ உரிய விலையை உறையிற் குறிக்கப் பணித்தது. விதி எழுதுவிக்கும்; எழுதியதைக் காணச் செய்தல் விதியால் ஆகாது.

'இறைவன் ஐந்தொழிலுள்ளும் மறைத்தல் உண்டே' எனின், அம்மறைப்பு உயிர் பக்குவமுறுதற்பொருட்டு. ஈண்டை மறைப்போ தன் ஊதியத்தின்பொருட்டு. முன்னது அருள், பின்னது மலத்தின் தொழில்.

ஆதலின் விலையை ஏற்ற வேண்டுவார் ஏற்றுக; ஏற்றியதை வாங்குவோர் கண்முன் சொல்லுக. அளவைக் குறைத்தோர், குறைத்தமையைப் பேரெழுத்தில் உறையின் முகப்பிற் பொறிக்க. எழுத்தறிந்த நாம் கடையில் நிற்குங்கால், அருகில் நிற்பார்க்கு அச்சிறு எழுத்தைப் படித்துக் காட்டுதலும் அடியார்க்குச் செய்யும் கைத்தொண்டே ஆகும்.