கண்ணுக்குள் வரும் ஒளி



கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையிலுள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் வெல்டிங் வேலை பார்க்கும் வாலிபர் ஒருவர், ஜும்ஆவுக்குப் பின் நம்மிடம் வந்தார். கண்கள் சிவந்து நீர் வடிந்தது.

"ஹஜ்ரத்! அவசரத்திலே கண்ணாடி பிடிக்காம வெல்டு வச்சுட்டேன். அப்போ ஒண்ணும் தெரியலே. ராத்திரி கண்ணிலே மணலை அள்ளிப் போட்ட மாதிரி ஆயிடுச்சு. ஓதிப் பாருங்க" என்றார்.

ஓதினோம். கண் மருத்துவரிடம் உடனே போகவும் சொன்னோம். அவர் போனதும் ஒரு பெரியாரின் நினைவு வந்தது. மதரஸாவில் நாம் ஓதிய ஆண்டுகளில் அவர் பெயர் ஒருநாளும் நம் காதில் விழுந்ததில்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறோம்.

அபூ அலீ அல்ஹசன் இப்னுல் ஹைதம். 965ஆம் ஆண்டளவில் பஸராவில் பிறந்து, 1040ஆம் ஆண்டளவில் கெய்ரோவில் மறைந்தவர்கள். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதே பார்வை என்று யவன அறிஞர்கள் யூக்ளிடும் தாலமியும் எழுதியிருந்தனர். நம்மவரான அல்கிந்தியும் அப்பக்கமே நின்றார். இப்னுல் ஹைதம் அவர்களோ 'கிதாபுல் மனாளிர்' என்னும் ஏழு பாக நூலின் தொடக்கத்திலேயே, சூரியனை உற்று நோக்கினால் கண் வலிப்பதைச் சான்றாக வைத்தார்கள். ஒளிதான் வெளியிலிருந்து வந்து கண்ணில் வேலை செய்கிறது! நம் வாலிபரின் சிவந்த கண் சொன்னதும் அதுவே.

முன்னோர் நூலைப் படிப்பவன் அதைச் சந்தேகித்துச் சோதிக்க வேண்டும், தன்னையும் சந்தேகிக்க வேண்டும், அறிஞர்களை அல்லாஹ் தவறிலிருந்து காத்து வைக்கவில்லை என்று அவர்கள் எழுதினார்கள். அவர்களுக்கும் தவறு நேர்ந்தது. பார்வையை உணரும் இடம் கண்ணின் வில்லை என எண்ணினார்கள். விழித்திரையே என்பதை 1604இல் கெப்ளர் விளக்கினார். சூரத்துல் முல்கில், வானத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்குமாறு ரப்புல் ஆலமீன் பணிக்கின்றான். நாமோ ஓதுகிறோம், பார்ப்பதில்லை.

அவர்களின் நூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு 1572இல் பாஸல் நகரில் அச்சேறியது. நம் வீடுகளில் எத்தனை பேர் அவரை அறிவோம்?

அவர்கள் செய்த ஒரு சோதனையை நம் மக்தப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினோம். இருட்டறை, துளையிட்ட அட்டை, அதன் முன்னே இரண்டு மெழுகுவத்திகள். எதிர்ச்சுவரில் இரண்டு வெளிச்சங்கள் கலக்காமல் தனித்தனியே நின்றன. இடப்பக்கத்து வத்தியைக் கையால் மறைத்தோம்.

"ஹஜ்ரத்! வலப்பக்கத்து வெளிச்சமில்லே போயிடுச்சு!" என்று கூவினாள் ஒரு சிறுமி.

ஒளி நேர்கோட்டில் வருகிறது; துளையில் குறுக்கிட்டுப் போகிறது என்றோம். அவள் நம்பவில்லை. தானே எழுந்து வந்து அடுத்த வத்தியை மறைத்துப் பார்த்தாள்.