நன்றி யாருக்கு?



யூன் மாதத்தில் வஹகோட்டைப் புனித அந்தோனியார் திருத்தலத்துக்கு மாத்தளைத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போகிறோம். கையில் மெழுகுதிரி, மனதில் விண்ணப்பங்கள். மகளுக்கு வரன், மகனுக்கு வேலை; காணாமற்போன அடையாள அட்டையும் அந்தப் பட்டியலில் உண்டு. கேட்பதில் குற்றமில்லை. ஆனால் ஆண்டவர் குணமாக்கிய பத்துத் தொழுநோயாளரில் நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவனே, அவனும் சமாரியன் என்பதைப் பிரசங்கத்தில் கேட்டுத் தலையாட்டிவிட்டு, அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுகிறோம்.

இந்தப் பிரசங்கத்தை நானும் பலமுறை செய்திருக்கிறேன். எளிதான பிரசங்கம்! ஒருநாள் மாலை அது எளிதாக இல்லாமற் போயிற்று.

தோட்டமொன்றின் லயத்தில் செபமாலைக்குப் போயிருந்தேன். முடிவில் அந்த வீட்டுத் தாய், தன் வழக்கப்படி, அன்றைய நாளுக்காக இறைவனுக்கு நன்றி கூறினாள். மழை ஓய்ந்தது, மலையில் கால் வழுக்காமல் இறங்கியது, அடுத்த காம்பராவில் சுகப்பிரசவம் ஆனது. பத்தாம் வகுப்பில் படிக்கும் மகன் குறுக்கிட்டான்: "கொழுந்து குறைஞ்சிருச்சுன்னு இன்னைக்கு அரைப் பேர்தானே போட்டாங்க? அதுக்குமா நன்றி?"

நான் வாய் திறக்குமுன் தாய் சொன்னாள்: "நான் சாமிக்குல்ல நன்றி சொன்னேன், கணக்கப்பிள்ளைக்கா சொன்னேன்? அவர்கிட்ட காலையில கேட்கத்தான் போறேன்."

குருமடத்தில் ஒழுக்கவியல் படித்தபோது இத்தனை தெளிவாக எவரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

நன்றி என்ற சொல் நம் தோட்டங்களில் பட்ட பாடு கொஞ்சமல்ல. மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்து வந்த நம் மூதாதையரில் காலராவுக்கும் பசிக்கும் இரையானவர் எத்தனையோ பேர். பிழைத்தவர்கள் காடழித்துக் கோப்பியும் பின்னர் தேயிலையும் வளர்த்தார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுடைய சந்ததியில் பெரும்பாலானோருக்குக் குடியுரிமையை மறுத்தது. எஞ்சியவர்களுக்கு வழி திறக்க 2003 வரை செல்லவேண்டியிருந்தது. இத்தனைக்கும் இடையில், கூலி போதாது என்று வாய் திறந்தவனிடம், "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்றார்கள். நன்றி கெட்டவன் என்றார்கள். யாருடைய உப்பு அது?

செய்ந்நன்றிக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், கைம்மாறு கருதாத உதவியைத்தான் அங்கே போற்றுகிறார். உழைப்புக்குரிய கூலி உதவியல்ல, கடன். பிடித்துவைக்கப்பட்ட கூலி ஆண்டவரின் செவிக்கு எட்டும்படி கூக்குரலிடுகிறது என்பது புனித யாகப்பரின் போதனை. 13ஆம் சிங்கராயர் பாப்பரசர் 1891இல் தொழிலாளர் நிலைபற்றி வெளியிட்ட சுற்றுமடலிலும் நியாயமான கூலி சலுகையாகப் பேசப்படவில்லை, நீதியாகவே பேசப்பட்டது.

அப்படியானால் குறையுள்ள நாளில் மகிழ்வது எப்படி என்று கேட்பீர்கள். எந்நிலையிலும் நன்றி கூறுமாறு தெசலோனிக்கருக்கு எழுதினார் புனித சின்னப்பர். அந்நிலைக்காக நன்றி கூறுமாறு அங்கே அவர் எழுதவில்லை. நம் ஆண்டவரையே பாருங்கள். லாசரின் கல்லறையருகே கண்ணீர் விட்டார். அதே இடத்தில் பிதாவுக்கு நன்றியும் செலுத்தினார். அழுகையை மறைத்துவிட்டு நன்றி கூறியவரல்லர் அவர். காட்டிக்கொடுக்கப்பட்ட இரவிலும் அப்பத்தை எடுத்து நன்றி கூறினார். நாம் நற்கருணை என்று அழைப்பதன் கிரேக்கப் பெயருக்கு நன்றி கூறுதல் என்பதே பொருள். 1692இல் கண்டியில் ஒற்றரென்று காவலில் வைக்கப்பட்ட புனித யோசேவ் வாஸ் அடிகளாரும், காவலிலிருந்தபடியே சிறு கொட்டில் அமைத்து, கிறிஸ்து பிறப்பு இரவில் இந்தப் பலியைத்தான் ஒப்புக்கொடுத்தார். அவரைச் சந்தேகித்தது சரியென்று அந்த நன்றிக்குப் பொருளில்லை.

இது புரியாமல், துன்பப்படுகிறவர்களிடம் "எல்லாம் நன்மைக்கே, சிரியுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நம்மிடையே உண்டு. குருக்களிலும் உண்டு, நானும் சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தாய் மறுநாள் காலையில் போய்க் கேட்டாள். அரைப் பேர் முழுப் பேர் ஆகவில்லை. அடுத்த வாரம் நிறுவையை நேரில் பார்க்க அனுமதித்தார்களாம். அன்றிரவுச் செபமாலை முடிவில் முதல் நன்றியை மகன் சொன்னான் என்று கேள்விப்பட்டேன். அம்மா கேட்கப் போனதற்காக.