நாவின் சாட்சியம்

மேனாடுகளிலே, குறிப்பாக ஐக்கிய அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும், கடந்த அரை நூற்றாண்டுக் காலத்தில் ஒரு வழக்கம் வேரூன்றி வளர்ந்துள்ளது. பெருங் கம்பனிகள் கோடிக்கணக்கான போத்தல்களில் அடைத்து விற்கும் பியரை ஒதுக்கிவிட்டு, சிற்றாலைகளிற் சிறு அளவிற் காய்ச்சப்படும் புதுப்புதுப் பியர்களைத் தேடி வாங்கி, வீட்டு மேசையில் வைத்துச் சிறிது சிறிதாகச் சுவைத்து, அவற்றின் குணங் குறைகளை எழுதி வெளியிடுவதே அவ்வழக்கமாகும். 2020ஆம் ஆண்டில் தொற்றுநோய் காரணமாக மதுச்சாலைகள் மூடப்பட்டபோது, இது வீட்டோடு இன்னும் நெருங்கிய பழக்கமாயிற்று.

ஆசிரியர்களும் மாணவர்களும் படிக்கும் இவ்விதழில் இதற்கு என்ன இடம் என வாசகர்கள் வினவலாம். குடி நன்றா, தீதா என்பதை ஆராய நாம் முற்படவில்லை. கள்ளுண்ணாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்துள்ளார், அவ்வழக்கு வேறு. நாம் எழுப்பும் வினா இதுவே: ஒரு பொருளைச் சுவைத்து 'இது நன்று' என ஒருவர் பலரறியக் கூறும்போது, அவர் எதற்குச் சாட்சி சொல்லுகின்றார்? பியருக்கு எழும் இவ்வினா நூலுக்கும், பாட்டுக்கும், நாம் அன்றாடம் பருகும் தேநீருக்கும் எழுவதேயாகும்.

முதலில் அவ்வழக்கத்தை அதற்குரிய மதிப்போடு நோக்குதல் வேண்டும். அது வெறும் களியாட்டமாகத் தோன்றியதன்று. 1970களின் பிற்பகுதியில் ஐக்கிய அமெரிக்கா முழுவதிலும் நூற்றுக்குக் குறைந்த பியர் ஆலைகளே எஞ்சியிருந்தன. சில பெருங் கம்பனிகள் சிறியவற்றை விழுங்கி, நாடெங்கும் ஒரே நிறமும் ஒரே சுவையுமுள்ள பானத்தை நிரப்பியிருந்தன. 1978ஆம் ஆண்டில், வீட்டிலே தம் தேவைக்குப் பியர் காய்ச்சிக்கொள்ள மக்களுக்கு உரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது. வீட்டு அடுப்பிற் பழகியவர்களிற் பலர் பின்னர் சிற்றாலைகளைத் தொடங்கினர். இன்று அந்நாட்டில் 9,000க்கு மேற்பட்ட பியர் ஆலைகள் உள்ளன. ஏகபோகம் திணித்த ஒருமைச் சுவைக்கு எதிராகச் சாதாரண மக்களின் நாவு நடத்திய கிளர்ச்சி என இதனைக் கூறுதல் மிகையாகாது.

கிளர்ச்சியோடு ஒரு கல்வியும் வளர்ந்தது. 1985இல் அமைக்கப்பட்ட பியர் நடுவர் பயிற்சித் திட்டம் ஒன்று, சுவைப்போருக்கு ஒழுங்கான புள்ளித்தாள் ஒன்றை வகுத்தது. மொத்தப் புள்ளிகள் 50. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரப்படும் தன்மைக்கு 5, முழுமையான மதிப்புக்கு 10. வீட்டிலிருந்து எழுதுவோரிற் பலரும் ஏறத்தாழ இவ்வரிசையையே பின்பற்றுகின்றனர்: கிண்ணத்தில் ஊற்றுகின்றனர், நிறத்தையும் நுரையையும் நோக்குகின்றனர், முகர்கின்றனர், பின்னரே பருகுகின்றனர்.

'சுவை அவரவர் நாவைப் பொறுத்தது. இதிற் புள்ளி ஏது, நடுவர் ஏது?' என்பார் உளர். இக்கூற்று பாதியே உண்மை. ஆங்கில மொழியில் எழுதிய ஸ்கொத்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம், சுவையின் அளவுகோல் பற்றி 1757இல் வெளியிட்ட கட்டுரையில், செர்வாந்தேசின் புகழ்பெற்ற நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்தாளுகின்றார். ஒரு பீப்பாய் வைனைச் சுவைத்த இருவரில் ஒருவர், நன்றே எனினும் தோலின் சாயல் தெரிகின்றது என்றார். மற்றவர் இரும்பின் சாயல் என்றார். கேட்டோர் நகைத்தனர். பீப்பாய் வெறுமையான பின் அடியிலே கிடந்தது தோல்வார் கட்டிய ஒரு பழைய திறவுகோல்!

பியரிலும் இத்தகைய திறவுகோல்கள் உள. வெண்ணெய் மணம் வீசுகின்றது என ஒருவர் கூறினால், அது அவரது கற்பனையன்று. மதுவம் தன் நொதித்தற் பணியைச் செவ்வனே முடிக்காத இடத்து எஞ்சும் டையசிற்றைல் என்னும் சேர்வையே அம்மணத்தைத் தருகின்றது. நனைந்த காகிதத்தின் சாயல் தோன்றினால், ஒட்சிசன் புகுந்து பியர் பழுதடைந்துள்ளது என்பது பொருள். எனவே நா பொருளைப் பற்றியே பேசுகின்றது. தன்னைப் பற்றி மட்டும் பேசுவதன்று. பயின்ற நா ஒரு நல்ல சாட்சி.

ஆனால் நல்ல சாட்சியையும் கலைத்துவிடலாம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்ட பேராசிரியர், சுவைக்கப்படும் பொருள், அதனை நுகரும் பொறியின் உணர்வு, உள்ளத்தில் நிகழும் குறிப்பு, உடம்பிலே வெளிப்படும் மாறுபாடு என நால்வகையாகச் சுவை நிகழ்ச்சியைப் பகுத்துக் காட்டுவர். அவர் கூறியது நாடகச் சுவை பற்றியது. எனினும் பொறியையும் உள்ளத்தையும் வேறு பிரித்த அப்பகுப்பு நாவின் சுவைக்கும் பொருந்தும்.

2006இல் வெளியான ஓர் ஆய்வு இதனை நன்கு விளக்குகின்றது. மாசச்சுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சார்ந்த மதுச்சாலைகளில், பியரில் இத்தாலிய வினாகிரியிற் சில துளி சேர்த்துப் பலருக்குக் கொடுத்தனர். சேர்த்தது யாதென அறியாதோரிற் பலர் அதனை விரும்பினர். பருகுமுன் அறிந்தோர் பெரும்பாலும் வெறுத்தனர். பருகிய பின் அறிவிக்கப்பட்டோரோ, அறியாதோரைப் போலவே விருப்பத்தைக் காட்டினர். முன்னரே பெற்ற செய்தி, நாவு பேசுமுன் அதன் வாயை அடைத்துவிட்டது எனலாம். வினாகிரி என்ற பெயர் செய்ததை, விலையும் புகழும் அழகிய சிட்டையும் நாள்தோறும் செய்கின்றன. வெறுப்பை ஊட்டுவதற்குப் பதிலாக விருப்பை ஊட்டுகின்றன என்பதே வேறுபாடு.

ஆகவே நேர்மையுள்ள சுவைஞர் போத்தலின் சிட்டையை மறைத்துவிட்டுச் சுவைக்கின்றார். தம் முன்முடிவுகளிலிருந்து தம்மையே காத்துக்கொள்ளும் இச்செயல் ஓர் ஒழுக்கப் பயிற்சியாகும். முற்போக்காளர் சிலர் இத்தகைய நுணுக்கங்களைச் செல்வர்களின் பொழுதுபோக்கென ஒதுக்குவர். இது தவறு. மனிதனின் ஐம்புலன்களும் இயற்கை அளித்தபடியே நிற்பனவல்ல, வரலாறு முழுவதும் நடந்த மனித உழைப்பினாற் பண்பட்டன என்னும் கருத்தை மார்க்ஸ் தமது 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில் வலியுறுத்தினார். பசித்தவனுக்கு உணவு வேண்டும் என்பது எவ்வளவு உண்மையோ, உண்பவன் சுவையறிந்து உண்ணும் நிலைக்கு உயரவேண்டும் என்பதும் அவ்வளவு உண்மை. கூர்மையான நா செல்வரின் தனியுடைமையன்று.

இனி நமது ஆராய்ச்சியின் மையத்துக்கு வருவோம். 50 புள்ளிகள் கொண்ட அந்தத் தாளிலே, பொருள் எவ்வாறு பொருளாயிற்று என்பதற்கு ஒரு புள்ளியேனும் இல்லை. பேராசிரியரின் நால்வகைப் பகுப்பிலும் இதற்கு இடமில்லை. நா இதனை அறியவும் இயலாது. உண்ணும் தானியத்தின் சுவை, அதனை விளைவித்தவர் யார், எந்த நிலைமையில் விளைவித்தார் என்பதைக் கூறாது என மார்க்ஸ் மூலதனத்தின் முதற் பாகத்தில், 1867இல், சுட்டிக்காட்டியது இதனையே.

சான் பிரான்சிஸ்கோ நகரத்து ஆங்கர் ஆலையின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 1896இல் அப்பெயர் பெற்ற அவ்வாலை 1965இல் மூடப்படும் தறுவாயில் இருந்தபோது, சலவை இயந்திரங்களாற் செல்வமீட்டிய குடும்பத்து இளைஞர் பிரிற்ஸ் மேற்றாக் அதன் பெரும் பங்கை வாங்கினார். குளிர்ச் சூழலுக்குரிய மதுவத்தை வெப்பமான சூழலில் நொதிக்கச் செய்யும் 'ஸ்ரீம் பியர்' அங்கு புத்துயிர் பெற்றது. சிற்றாலை இயக்கத்தின் தாயகம் என அது போற்றப்பட்டது. 2017இல் சப்போரோ என்னும் ஜப்பானியப் பெருங் கம்பனி அதனை வாங்கியது. வாழ்க்கைச் செலவு மிக்க அந்நகரில் தம் ஊதியம் போதவில்லை என முறையிட்ட தொழிலாளர்கள் 2019இல் வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தனர். 2023 ஜூலையில் ஆலை மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. தொழிலாளர்கள் தாமே அதனை வாங்கிக் கூட்டுறவாக நடத்த முயன்றனர், முயற்சி கைகூடவில்லை. 2024இல் தயிர் உற்பத்தியிற் பெருஞ்செல்வம் ஈட்டிய ஒருவர் அதனை வாங்கினார்.

இந்நிகழ்ச்சிகளுள் எதனை நா அறிந்திருக்கும்? சங்கம் அமைக்குமுன் காய்ச்சிய பியரையும் அமைத்தபின் காய்ச்சிய பியரையும் சிட்டையை மறைத்து அருகருகே வைத்தாலும், நுனி நாவில் ஊதியத்தின் சுவை தெரியாது. நல்ல சாட்சிதான், ஆயினும் தான் காணாததற்கு அது சாட்சி சொல்ல இயலாது.

சந்தை இவ்விடத்தையே தனக்குப் பயன்படுத்திக்கொள்ளுகின்றது. சிக்காகோவில் 1988இல் தோன்றிய கூஸ் ஐலண்ட் ஆலையை, உலகின் மிகப் பெரிய பியர்க் கம்பனியின் அமெரிக்கக் கிளை 2011இல் 3 கோடி 88 இலட்சம் டொலருக்கு வாங்கியது. பெயரும் சின்னமும் தொடர்ந்தன. கிளர்ச்சியின் கொடியையே எதிரி விலைக்கு வாங்கிப் பறக்கவிட்டான்! அத்தோடும் அமையவில்லை. ஆயிரக்கணக்கானோர் ஊதியமின்றித் தம் சுவைக் குறிப்புகளைச் சேர்த்து வளர்த்த ரேற்பியர் என்னும் மதிப்பீட்டுத் தளத்திலும் அதே கம்பனியின் முதலீட்டுப் பிரிவு பங்கு வாங்கியமை 2017இல் வெளிப்பட்டது. 2019இல் முழுவதும் அதற்கே உரியதாயிற்று. தீர்ப்புக்கு உட்பட்டவன் நீதிமன்றத்தையே வாங்கிக்கொண்டான். எழுதியோர் ஒவ்வொருவரும் நேர்மையாகவே எழுதியிருக்கலாம். அந்நேர்மை யாருடைய சொத்தாயிற்று என்பதே கேள்வி.

இந்நிலையில் சுவைஞர் செய்ய வேண்டியது யாது? இரு தவறான விடைகள் நம்முன் உள்ளன.

'நான் நாவுக்கு மட்டுமே பொறுப்பாளி. உடைமையும் ஊதியமும் என் வேலையல்ல' என்பது முதலாவது. கலை கலைக்காகவே என்ற பழைய வாதம் இங்கு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றப்பட்டுள்ளது. பலரை ஒரு பொருளை வாங்கத் தூண்டுபவர், அதனைச் செய்தோரைப் பற்றிய அறியாமையை உரிமையாகக் கொண்டாட முடியாது.

இரண்டாவது தவறு நம்மவரிடையே மிகுதி. முதலாளி தீயவன் எனத் தெரிந்தவுடன் பியரும் புளிக்கின்றது என எழுதிவிடுவது! தொழிலாளரை வஞ்சிக்கும் ஆலையிலும் நல்ல பியர் விளையலாம். நல்லோர் நடத்தும் கூட்டுறவிலும் வெண்ணெய் நாறும் பியர் விளையலாம். நாவின் சாட்சியத்தை நல்ல நோக்கத்துக்காகத் திருத்தினாலும் அது பொய்ச்சாட்சியே. இலக்கிய விமர்சனத்திலும் இத்தீங்கை நாம் கண்டுள்ளோம். எழுத்தாளனின் அணியைப் பார்த்துவிட்டுக் கதைக்குப் புள்ளியிடுவோர், கதையையும் கெடுத்து அணியையும் கெடுக்கின்றனர். நம் பக்கத்தவரின் தளர்ந்த கதையைப் புகழும் விமர்சகரை, பின்னர் அவர் உண்மையைக் கூறும்போதும் எவரும் நம்பார்.

ஆதலாற் சரியான வழி, இரு நிரல்கள் கொண்ட ஒரு தாளே என்பது நமது துணிபு. முதல் நிரல் நாவுக்குரியது. அதனைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுதல் வேண்டும். இரண்டாம் நிரல் அறிவுக்குரியது. அதனைக் கண்ணைத் திறந்துகொண்டு எழுதுதல் வேண்டும். ஆலை யாருடையது? அங்கு உழைப்போர் ஒன்றுகூடிப் பேச உரிமை பெற்றுள்ளனரா? இப்போத்தல் காசு கொடுத்து வாங்கப்பட்டதா, ஆலைக்காரர் பரிசாக அனுப்பியதா? இவற்றுக்குரிய விடைகளை முதல் நிரலின் புள்ளிகளோடு கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். பக்கத்திலே வைத்தாற் போதும். இரண்டையும் படித்து முடிவு செய்யும் உரிமை வாசகருக்கு உண்டு.

'வீட்டிலிருந்து பருகும் ஒருவர் இவற்றையெல்லாம் எவ்வாறு அறிவார்?' எனக் கேட்கலாம். எல்லாவற்றையும் அறிதல் அரிதே. ஆனால் அறியாத இடத்தில் 'அறியேன்' என எழுதுவதும் ஒரு சாட்சியமே. வெறுமையான அந்நிரல், படிப்போர் உள்ளத்தில் ஒரு வினாவை விதைக்கும். இரண்டாம் நிரலே இல்லாத தாளோ, அவ்வினா ஒன்று உண்டு என்பதையே மறைத்துவிடும்.

இது கடல் கடந்த நாட்டின் பிரச்சினை மட்டுமன்று. சுவையைத் தொழிலாகக் கொண்டோர் நம் நாட்டிலும் உளர். கொழும்பிலே 1883இல் தேயிலை ஏலம் தொடங்கிய நாள் முதலாகச் சுவைஞரின் நாவே விலைக்கு வழிகாட்டி வந்துள்ளது. நுவரெலியாத் தேயிலையின் மெல்லிய மணத்தையும் தாழ்நிலத் தேயிலையின் கடுஞ் சாயத்தையும் ஒரு வாய் நீரில் வேறுபடுத்தும் அவர்களின் திறன் வியக்கத்தக்கது. அந்நாவுக்கு உயரம் தெரியும், மழை தெரியும், உலர்த்திய பக்குவம் தெரியும். கொழுந்து பறித்தவளின் லயத்து அறை தெரியாது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக வேண்டும் என மலையகத் தொழிலாளர் பல ஆண்டுகள் போராடி, 2021இல் அது வர்த்தமானியில் வெளிவந்த வரலாறும் எந்தக் கோப்பையின் அடியிலும் படியவில்லை. சுவைஞரை நாம் குறை கூறவில்லை. நா தன் கடமையைச் செய்தது; இரண்டாம் நிரலை எழுதும் கடமை எஞ்சிய நம் அனைவருக்கும் உரியது.

சுவைத்தலை இழிவென்று கருதும் சமுதாயம் வறண்ட சமுதாயம். சுவைத்ததோடு நின்றுவிடும் சமுதாயம் குருட்டுச் சமுதாயம். நாவைப் பயிற்றுவோம், அது கூறுவதை ஒளிவு மறைவின்றி எழுதுவோம். ஆனால் நா சாட்சியே, நீதிபதி அன்று என்பதை மறவாதிருப்போம். தீர்ப்பு வழங்குமுன் இன்னொரு சாட்சியையும் அழைத்தல் வேண்டும். அச்சாட்சி ஆலையிலும் தோட்டத்திலும் நிற்கின்றார். அவரை இதுவரை எவரும் கூண்டுக்கு அழைக்கவில்லை.