தோல்விகளைக் கோத்த நூல்

தம்பிலுவிலில் நான் படிப்பிக்கும் பையன்களில் சிலர் பின்னேரங்களில் மென்பந்து கிரிக்கெட் விளையாடுவார்கள். ஒரு பருவத்தில் தொடர்ந்து ஏழு ஆட்டங்களில் தோற்றார்கள். எட்டாவது ஆட்டத்துக்கு முன்னர் என்னிடம் வந்து, தலைவனை மாற்றவேண்டும் என்றார்கள். ஏனென்று கேட்டேன். "அவன்ட ராசி சரியில்ல சேர்" என்றான் ஒருவன். தலைவனும் அங்கேதான் நின்றான், காலால் மண்ணைக் கீறிக்கொண்டு. மறுத்து ஒரு சொல் பேசவில்லை. அவனும் அதை நம்பிவிட்டான் என்பதுதான் என்னை உறுத்தியது.

ஏழு ஆட்டங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்றேன். ஐந்துதான் ஞாபகத்துக்கு வந்தன. இரண்டில் கடைசி ஓவரில் தோற்றிருந்தார்கள். ஒன்றில் நல்ல ஆட்டக்காரர் மூவர் வயல் வெட்டுக்குப் போய்விட்டார்கள். மற்றொன்றில் எதிரணி எந்த நாளில் ஆடியிருந்தாலும் இவர்களை வென்றிருக்கும். ஐந்தாவதில் வைட் பந்துகளாலேயே ஆட்டம் கைவிட்டுப் போயிருந்தது. மிஞ்சிய இரண்டையும் யாருக்கும் நினைவில்லை. ஏழு என்ற எண் மட்டும் எல்லோருக்கும் நினைவிருந்தது.

தோல்வித் தொடர் என்று ஒன்று உண்மையாகவே இருக்கிறதா? அல்லது அங்குமிங்குமாகக் கிடக்கும் தோல்விகளை எடுத்து, நூலில் கோத்து, அந்த மாலையை யாராவது ஒருவனுடைய கழுத்தில் நாமே போடுகிறோமா? எங்களூர்த் தேநீர்க் கடையில் இதற்கு "நஸீபு" என்று ஒரே சொல்லில் விடை கிடைக்கும். அந்தச் சொல்லை நான் இகழவில்லை. ஆனால் தன் நஷ்டத்துக்கு நஸீபைச் சொல்கிற அதே மனிதர், மகன் பரீட்சையில் தவறினால் நஸீபு என்று சொல்லுவதில்லை. அப்போது அவர் கை பெல்ட்டைத் தேடுகிறது.

நமது தேசிய அணியை எடுத்துக்கொள்வோம். 2023 செப்டெம்பரில் ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில், கொழும்பில், இந்தியாவிடம் 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது. நவம்பரில் மும்பையில் அதே இந்தியாவிடம் 55. அந்த உலகக்கிண்ணத்தில் ஒன்பது ஆட்டங்களில் இரண்டையே வென்று ஒன்பதாவது இடத்தில் முடித்தது. 2024 ஜூனில் இருபது ஓவர் உலகக்கிண்ணத்தின் முதற்சுற்றோடு வெளியேறியது. பயிற்றுவிப்பாளர் விலக, சனத் ஜயசூரிய தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். ஜூலையில் இந்திய அணி வந்தது. இருபது ஓவர் ஆட்டங்கள் மூன்றிலும் நாம் தோற்றோம். மூன்றாவது ஆட்டத்தில் கடைசி இரண்டு ஓவர்களில் ஒன்பது ஓட்டங்கள் போதும். ரிங்கு சிங்கும் சூர்யகுமார் யாதவும் பந்து வீசினார்கள். இருவருமே பந்துவீச்சாளர்கள் அல்லர். அதிலும் ஆட்டத்தைச் சமநிலைக்கு விட்டு, சூப்பர் ஓவரில் இழந்தோம். எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் மறுநாள் அணி முழுவதையுமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மூன்று நாட்கள் கழித்து, ஆகஸ்ட் 2ஆம் திகதி, முதல் ஒருநாள் ஆட்டம். இந்தியாவுக்கு ஒரே ஓட்டம் தேவை, கையில் இரண்டு விக்கெட்டுகள். சரித் அசலங்க அடுத்தடுத்த பந்துகளில் இரண்டையும் வீழ்த்த, ஆட்டம் சமநிலையில் முடிந்தது. இரண்டாவது ஆட்டத்தில் காயமடைந்த வனிந்து ஹசரங்கவின் இடத்துக்கு வந்த ஜெஃப்ரி வண்டர்சே 33 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகளை எடுத்தார். 32 ஓட்டங்களால் வெற்றி. மூன்றாவதில் துனித் வெல்லாலகே ஐந்து விக்கெட்டுகள், 110 ஓட்டங்களால் வெற்றி. 1997க்குப் பிறகு இந்தியாவுக்கு எதிராக நாம் வென்ற முதல் ஒருநாள் தொடர் அது.

திருப்பியது யார்? ஜயசூரியவா? கொழும்பு ஆடுகளத்தின் சுழலா? ஹசரங்கவின் காயமா? ஒரு வாரத்துக்கு முன்னர் கோழைகளாக இருந்தவர்கள் ஒரு வாரத்தில் வீரர்களாகிவிட்டார்களா? அதே அணி செப்டெம்பரில் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தை டெஸ்ட்டில் வென்றது, காலியில் நியூசிலாந்தை இரண்டு டெஸ்ட்களிலும் வென்றது. நவம்பரில் டேர்பனில் 42 ஓட்டங்களுக்குள் அடங்கியது. நமது டெஸ்ட் வரலாற்றில் ஆகக் குறைந்த எண்ணிக்கை அது. மேலே போனதற்கு ஒருவரைத் தோளில் தூக்கினோம். கீழே வந்தபோது இறக்குவதற்கு ஒருவரைத் தேடினோம்.

டேனியல் கானமன் என்ற உளவியலாளர், 2002இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர், ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். இஸ்ரேலிய விமானப்படைப் பயிற்றுநர்களிடம், தண்டிப்பதைவிடப் பாராட்டுவதே பயன்தரும் என்று பேசிக்கொண்டிருந்தாராம். அனுபவசாலி ஒருவர் எழுந்து மறுத்தார். நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த முறை மோசமாக ஓட்டுகிறான், மோசமாக ஓட்டியவனை ஏசினால் அடுத்த முறை திருந்துகிறான், இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன் என்றார். அவர் கண்டது உண்மை, ஆனால் காரணம் ஏச்சு அல்ல என்று கானமன் விளங்கிக்கொண்டார். வழமையைவிட மிக மோசமாக ஓட்டியவன், ஏசினாலும் ஏசாவிட்டாலும், அடுத்த முறை தன் வழமையான நிலைக்குக் கிட்டத் திரும்புவான். மிக நன்றாக ஓட்டியவனும் அப்படித்தான்.

இதைப் படித்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. நான் கணித ஆசிரியன். சராசரி என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறவன்.

கலாசாலைப் பயிற்சி முடித்து வந்து சில வருடங்களே ஆகியிருந்த காலம். 2005ஆம் ஆண்டுச் சுற்றுநிருபம் பிரம்பைத் தடைசெய்திருந்தும் என் மேசையில் அது கிடந்தது. பத்தாம் ஆண்டில் ஒரு பையன். தவணைக்குத் தவணை புள்ளி இறங்கிக்கொண்டே வந்தது: 47, 40, 35, 28. இருபத்தெட்டுக்கு வகுப்பின் முன்னால் வைத்து அடித்தேன். அடுத்த தவணை 41. ஓய்வறையில் "பிரம்பின் பறக்கத்து" என்று சொல்லிச் சிரித்தேன். அதற்கடுத்து 30. மறுபடியும் அடித்தேன். மறுநாள் அவன் வரவில்லை, அதன் பிறகு வரவே இல்லை. தகப்பனோடு தோணியில் போகிறான் என்று தாய் சொன்னா.

அவன் விட்டுச்சென்ற பயிற்சிக் கொப்பி என் அலுமாரியில் கிடந்தது. கானமனைப் படித்த பிறகுதான் அதை எடுத்து முழுவதும் பார்த்தேன். சமன்பாடு, வட்டி, பரப்பளவு, எந்தப் பாடமானாலும் பின்னம் வருகிற வரிவரை கணக்குச் சரியாகவே போயிருந்தது. பின்னம் வந்ததும் பிழைத்தது. கீழெண்களையும் கூட்டியிருந்தான். ஒவ்வொரு பக்கத்திலும் அதே இடம், அதே பிழை, பக்கத்தில் என் சிவப்புப் புள்ளடி. பையன்களின் ஏழு தோல்விகளுக்கு ஒரு நூல் இருக்கவில்லை. இவனுடைய தோல்விகளுக்கு இருந்தது. அது ராசியும் அல்ல, சோம்பலும் அல்ல. ஆறாம் ஆண்டுப் பாடம் ஒன்று, ஒரு வாரம் பின்னேரங்களில் உட்கார்ந்திருந்தால் சரிசெய்திருக்கலாம். நானே அவற்றைத் திருத்தியிருக்கிறேன். திருத்தும்போது எண்ணிக்கையைத்தான் பார்த்தேன், கணக்கைப் பார்க்கவில்லை.

எல்லாம் தன்பாட்டில் சராசரிக்குத் திரும்பும் என்று கையைக் கட்டிக்கொண்டிருப்பதும் சரியாகாது. இலங்கை தன் முதலாவது டெஸ்ட்டை 1982இல் ஆடி, 1985 செப்டெம்பரில் பதினான்காவது ஆட்டத்தில்தான் முதல் வெற்றியைக் கண்டது. அங்கே திரும்பிச் செல்ல உயர்ந்த சராசரி ஒன்றும் இருக்கவில்லை. அதை உண்டாக்க வேண்டியிருந்தது.

பையன்களிடம் தலைவனை மாற்றவேண்டாம் என்றேன். வைட் பந்துகளை மட்டும் எண்ணி எழுதச் சொன்னேன். எட்டாவது ஆட்டத்திலும் தோற்றார்கள். வைட் பந்துகள் ஒன்பது என்று தலைவன் எழுதிக் கொண்டுவந்தான்.

அந்தப் பையனை, இப்போது மீசையும் குடும்பமுமாக, போன மாதம் மீன் வாங்கும் இடத்தில் கண்டேன். எப்படிப் பேச்சைத் தொடங்குவதென்று தடுமாறினேன். அவனே தொடங்கினான். "நீங்க அடிச்சதாலதான் சேர் நான் இவ்வளவாவது படிச்சன்" என்றான். கேலியல்ல, மனதாரத்தான் சொன்னான். மூத்த மகள் நாலாம் ஆண்டாம், கணக்கில் புள்ளி குறைகிறதாம். "அவளுக்கும் ரெண்டு போடுங்க சேர். நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

நான் மீன் பையைக் கைமாற்றிக்கொண்டேன். பிள்ளையின் கொப்பியைக் கொண்டுவந்து காட்டச் சொன்னேன்.